விற்ற எண்ணெயின் புகையை எந்தக் கணக்கில் எழுதுவது?

இலங்கை பட்டயக் கணக்காளர் நிறுவகத்துக்கும், பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கும். பிரதி வலுசக்தி அமைச்சுக்கு

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

காலநிலை விஷயத்தில் ஒரு கம்பனி தன் ஆண்டறிக்கையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதற்கு நமது நாட்டில் இப்போது நியமம் உண்டு. சர்வதேச நிலைபேறு நியமங்கள் சபை 2023 ஜூனில் வெளியிட்ட எஸ்1 (பொதுவான நிலைபேற்றுத் தகவலுக்கு), எஸ்2 (காலநிலைக்கு) இரண்டையும் ஒட்டி, எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். எஸ்1, எஸ்2 என்று பட்டயக் கணக்காளர் நிறுவகம் இங்கே கொண்டுவந்தது. 2025 ஜனவரி 1இல் கொழும்புப் பங்குச் சந்தையின் பெரிய 100 கம்பனிகளோடு தொடங்கி, மற்றவர்களுக்குப் படிப்படியாக வருகிறது. நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் யாரிடம் முதலில் கேட்பது என்ற இடத்தில்தான் எனக்கு உங்களோடு ஒரு வழக்கு இருக்கிறது.

நான் கொட்டாஞ்சேனையில் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிப்பவன். சில கம்பனிகளில் சொற்பப் பங்கு வைத்திருப்பதால் ஆண்டறிக்கைகளைக் கடைசிப் பக்கம் வரை வாசிக்கும் கெட்ட பழக்கமும் உண்டு. ஆகவே இதைக் கணக்கு வாத்தியாரின் பாஷையில்தான் எழுத வருகிறது.

நம் ஊரில் எரிபொருள் விற்பவர்கள் யார் யார் என்று பாருங்கள். இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் என்று மூன்று வெளிநாட்டுக் கம்பனிகளின் கையில் இருந்த வியாபாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. நட்டஈட்டுத் தகராறில் அமெரிக்கா 1963இல் நமக்கான உதவியையே நிறுத்தியது. அப்படிச் சண்டை பிடித்து வாங்கிய வியாபாரம் அது. சமையல் எரிவாயு விற்கும் லிற்றோவும் 2010இல் ஷெல்லிடமிருந்து அரசு திரும்ப வாங்கியதுதான். நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்தைக் கட்டியது மின்சார சபை. இவை எதுவும் பங்குச் சந்தையில் இல்லை. 2023இல் சில்லறை விற்பனைக்கு வந்த சீனாவின் சினோபெக்கின் தாய்க் கம்பனி ஹொங்கொங்கிலும் ஷங்காயிலும் பட்டியலில் இருக்கிறது, கொழும்பில் இல்லை. பழைய ஷெல்லின் சிப்பிச் சின்னமும் ஆர்.எம். பார்க்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. அதுவும் சந்தைக்கு வெளியேதான். உங்கள் பட்டியலில் தட்டுப்படுகிறவை லங்கா ஐஓசியும் லாஃப்ஸ் காஸும் போன்ற ஒன்றிரண்டு மட்டும்.

ஆக, தேயிலைக் கம்பனி, ஹோட்டல், வங்கி, ஆடைத் தொழிற்சாலை எல்லாம் காபன் கணக்கு எழுதப் பழகிக்கொண்டிருக்கும்போது, அந்தக் காபனை லீற்றர் லீற்றராக விற்கிறவர்களில் பெரியவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட முடியாது. 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க இலங்கை கணக்கீட்டு, கணக்காய்வு நியமச் சட்டம் ‘குறித்துரைக்கப்பட்ட வியாபார முயற்சிகள்’ என்று ஒரு வகையைச் சொல்கிறது. பொருள் விற்கும் அரச கூட்டுத்தாபனங்களும் அதற்குள் வருகின்றன. அவற்றின் நிதிக்கூற்றுகள் உங்கள் நியமப்படிதான் இருக்க வேண்டும். பங்குச் சந்தையில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல. வெளிநாட்டுக் கம்பனிகள் அமைச்சு தரும் அனுமதிப்பத்திரத்தில் ஓடுகின்றன. அந்தப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை கூட்டினால் போதும். கதவு இருக்கிறது, திறக்கத்தான் ஆளில்லை.

இனி, என்ன சொல்ல வேண்டும் என்ற பக்கம்.

ஒரு கம்பனியின் வெளியேற்றத்தைக் கணக்காளர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். தன் சொந்த அடுப்பிலும் வண்டியிலும் எரிப்பது ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரத்துக்குப் பின்னால் இருக்கும் புகை ஸ்கோப் 2. மற்றதெல்லாம் ஸ்கோப் 3: சப்ளை செய்பவர்களுடையது, விற்ற பொருளை மற்றவர்கள் பாவிக்கும்போது வருவது, இப்படி. வங்கிக்கோ ஹோட்டலுக்கோ இந்த மூன்றாவது ஒரு தலைவலி. எங்கிருந்தெல்லாமோ தகவல் திரட்டி, பாதி ஊகத்தில் எழுத வேண்டும். எண்ணெய்க் கம்பனிக்கு? உலகின் பெரிய எண்ணெய்க் கம்பனிகளின் மொத்த வெளியேற்றத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல், விற்ற எண்ணெயை வாங்கியவர் எரிப்பதில்தான் வருகிறது. ஸ்கோப் 1, 2 மட்டும் காட்டும் எண்ணெய்க் கம்பனி தன் அலுவலக மின்குமிழ், குளிரூட்டி, பவுசர் ஓட்டம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட்டு, வியாபாரத்தை மட்டும் விட்டுவிடுகிறது.

அதிலும் வேடிக்கை, இவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு மிக மிக எளிது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. டீசல் என்றால் 2.7 கிலோ அளவில். எத்தனை லீற்றர் விற்றது என்பது கடைசித் துளி வரை இவர்களிடம் உண்டு. சுங்கத்தில் உண்டு, தாங்கியின் அளவுகோலில் உண்டு. 2022 நெருக்கடியில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு வந்த நாளிலிருந்து எந்த ஆட்டோ எத்தனை லீற்றர் அடித்தது என்றுகூட அரசுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெருக்கல்தான் பாக்கி. ஜிசிஈ சாதாரண தரத்துக்கு வேண்டாம், ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும். அந்த நெருக்கடிக் காலத்தில் நாமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்த 6,600 லீற்றர் பவுசர் ஒன்றை எடுங்கள். பெற்றோல் என்றால் அதற்குள் இருப்பது சுமார் 15 தொன் காபனீரொட்சைட்டு.

இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், ஆண்டறிக்கைகளின் நிலைபேற்று அத்தியாயத்தில் மரக்கன்று நடும் படம் இல்லாத வருடம் கிடையாது. வெள்ளைத் தொப்பி, மண்வெட்டி, பணிப்பாளர்களின் புன்னகை. மரம் நடுவது நல்லதுதான், நடட்டும். ஆனால் நன்றாக வளர்ந்த ஒரு மரம் ஆண்டுக்கு இழுப்பது சில பத்துக் கிலோ. அந்த ஒரேயொரு பவுசருக்கே பல நூறு மரங்கள் ஒரு வருடம் முழுக்க மூச்சுப் பிடிக்க வேண்டும். படத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறவர்கள் பெருக்கலுக்கு ஒரு வரி ஒதுக்கட்டும்.

இந்தக் கணக்கைப் போட முடியாது, இது புதிது, தரவு முதிரவில்லை என்றெல்லாம் யாராவது உங்களிடம் சொல்ல வந்தால், ஷெல்லின் உள்ளக அறிக்கை ஒன்றை அவர்கள் முன்னால் வையுங்கள். பச்சைவீட்டு விளைவு பற்றி 1988இல் அந்தக் கம்பனி தனக்குள் எழுதிக்கொண்டது அது. 2018இல்தான் வெளியே வந்தது. தான் விற்ற எண்ணெய், எரிவாயு, நிலக்கரி எரிந்ததில் 1984ஆம் ஆண்டு உலகம் வெளிவிட்ட காபனீரொட்சைட்டில் 4 வீதம் தன்னுடையது என்று அதில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஸ்கோப் 3 என்ற பெயரே பிறக்காத காலத்தில், இன்றைய கணினி வசதி இல்லாமல், அதே பெருக்கலைச் செய்து முடித்து, ரகசிய முத்திரை குத்தி அலுமாரியில் வைத்துவிட்டார்கள்.

அமெரிக்க எண்ணெய்க் கம்பனி எக்ஸானின் கதை இன்னும் பழையது. 1977இல் ஜேம்ஸ் பிளாக் என்ற அதன் சொந்த விஞ்ஞானி, எரிபொருள் எரிப்பதால் பூமி சூடாகும் என்று மேலாளர்கள் முன் விளக்கினார். 1977க்கும் 2003க்கும் இடையில் அந்தக் கம்பனியின் விஞ்ஞானிகள் செய்த வெப்பநிலைக் கணிப்புகளை 2023இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு எடைபோட்டது. அவற்றில் 63 முதல் 83 வீதம் வரை சரியாகவே பலித்திருந்தன. உள்ளே இவ்வளவு துல்லியம். வெளியே பல ஆண்டுகள் ‘இன்னும் நிச்சயமில்லை’ என்ற பேச்சு.

நீதிமன்றத்தில் இதைப் பிடிப்பது லேசான காரியமல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலநிலைச் செலவு பற்றி முதலீட்டாளர்களை ஏமாற்றியது என்று நியூயோர்க் மாநிலம் எக்ஸான் மீது போட்ட வழக்கு 2019இல் தோற்றது. புவி சூடாவதில் அந்தக் கம்பனிக்குப் பொறுப்பில்லை என்று தான் சொல்லவில்லை, தன் முன் இருப்பது பிணையங்கள் தொடர்பான வழக்கு மட்டுமே என்று நீதிபதி தீர்ப்பிலேயே எழுதி வைத்தார். சட்டம் முன்கூட்டியே ‘இதைச் சொல்’ என்று தெளிவாகக் கேட்காத இடத்தில், பிறகு ‘ஏன் சொல்லவில்லை’ என்று கேட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அது சாட்சி. கேட்கும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால்தான் மடல் உங்களுக்கு வருகிறது.

அப்புறம், இலக்குகள். 2050இல் நிகர பூச்சியம், 2030இல் இத்தனை வீதம் குறைப்பு என்ற வாக்குறுதிகளை நான் ஆண்டறிக்கையில் வாசிப்பதை விட்டுவிட்டேன். 2030க்குள் தன் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 வீதம் குறைப்பதாக பிரித்தானிய எண்ணெய்க் கம்பனி பிபி 2020இல் அறிவித்தது. 2023இல் அது 25 வீதமாகச் சுருங்கியது. 2025 பெப்ரவரியில் அதையும் கைவிட்டு, உற்பத்தியைக் கூட்டப்போவதாகச் சொன்னார்கள். இலக்கு என்பது மாற்றி எழுதக்கூடிய வசனம். விற்ற லீற்றர் அப்படியல்ல. ஆகவே எங்களுக்கு வாக்குறுதி வேண்டாம், வருடா வருடம் எண்ணைத் தாருங்கள் என்றுதான் கேட்கச் சொல்கிறேன்.

நிதிக்கூற்றுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் இன்னொரு விஷயத்தில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். என் மாணவர்களிடம் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் கேள்வி அது. ஓர் இயந்திரத்துக்குப் பெறுமானத் தேய்வு எழுத, அதன் பயன்தரு ஆயுட்காலம் எத்தனை வருடம் என்று தீர்மானிக்க வேண்டும். ‘அதை யார் சேர் தீர்மானிக்கிறது?’ என்பார்கள். முகாமை தீர்மானிக்கும், கணக்காய்வாளர் சரிபார்ப்பார் என்பேன். சரி, இப்போது ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை எடுங்கள். 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்தை, நாளொன்றுக்கு 50,000 பரல் கொள்ளளவோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹம்பாந்தோட்டையில் 370 கோடி டொலர் செலவில் 200,000 பரல் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க சினோபெக்கோடு 2025 ஜனவரியில் ஒப்பந்தமாகியிருக்கிறது. அது 2030 வாக்கில் எழுந்து, முப்பது வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் 2060. இலங்கையோ 2050க்குள் காபன் நடுநிலை என்று பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் உலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது.  இரண்டில் ஒரு திகதி பிழை. எது என்று அந்தச் சொத்தின் கணக்கை எழுதுகிறவர் சொல்லியாக வேண்டும்.

இது வெறும் வகுப்பறைக் கேள்வி அல்ல. 2020இல் பிபி, எண்ணெயின் நீண்டகால விலை பரல் 70 டொலர் என்று வைத்திருந்த அனுமானத்தை 55 அளவுக்கு இறக்கியது. இப்படி விலை அனுமானங்கள் மாறியதை ஒட்டி 1,300 கோடி முதல் 1,750 கோடி டொலர் வரை சொத்துப் பெறுமானத்தை எழுதிக் குறைக்க வேண்டிவரும் என்று அறிவித்தது. அதே மாத இறுதியில் ஷெல்லும் 2,200 கோடி வரை குறையலாம் என்றது. கிணறு வற்றவில்லை, குழாய் வெடிக்கவில்லை. குறிப்புகள் பகுதியில் இருந்த சில எண்கள் மாறின, அவ்வளவே. சொத்தின் பெறுமானம் விழுந்தால் எழுதிக் குறைக்கச் சொல்லும் எல்.கே.ஏ.எஸ். 36 நம்மிடமும் உண்டு. ஆனால் எந்த எண்ணெய் விலையை, எந்தக் காபன் விலையை, எத்தனை வருடத் தேவையை வைத்து அந்தப் பரிசோதனையைச் செய்தார்கள் என்று வாசகருக்குச் சொல்லாவிட்டால், ஐந்தொகையில் நிற்கும் தொகை எதன் மேல் நிற்கிறது என்று தெரியாது. வெவ்வேறு எதிர்காலங்களை வைத்துக் கம்பனியைச் சோதித்துப் பார்க்க எஸ்2 கேட்கும் சூழ்நிலைப் பகுப்பாய்வு இதற்குத்தான். அது அறிக்கையின் பின்பக்கத்தில் தனிக் கதையாகப் போய், முன்பக்க நிதிக்கூற்றில் வேறு அனுமானம் ஓடினால் கணக்காய்வாளர் அதைப் பிடிக்க வேண்டும். பங்குதாரர் என்றால் கோட் போட்ட ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். ஊழியர் சேமலாப நிதியை மத்திய வங்கி நிர்வகிக்கிறது. அதில் ஒரு பகுதி பட்டியலிட்ட பங்குகளில் கிடக்கிறது. புறக்கோட்டைக் கடையில் சம்பளம் வாங்கும் பையனும் மறைமுகப் பங்குதாரர்தான். அரச கூட்டுத்தாபனம் என்றால் நட்டம் நேரே திறைசேரி வழியாக எல்லோருடைய வரியிலும் வந்து விழும். எப்படி விழும் என்று இந்த நாட்டுக்கு இனிப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஹம்பாந்தோட்டையைச் சொன்னதால் ஒன்று கூட்டிக்கொள்கிறேன். நாட்டின் காபன் கணக்கு என்பது நாட்டுக்குள் எரிந்ததை மட்டும் எடுக்கும். ஏற்றுமதியான டீசல் வாங்கிய நாட்டின் கணக்கில் போகும். கொழும்புத் துறைமுகத்தில் சர்வதேசக் கப்பல்களுக்கு ஊற்றும் எண்ணெயும், கட்டுநாயக்காவில் வெளிநாட்டு விமானங்களுக்கு ஏற்றும் எரிபொருளும் எந்த நாட்டின் கூட்டுத்தொகையிலும் சேராமல் தனிக் குறிப்பாக நிற்கும். ஆகவே ‘நாட்டு அறிக்கையில் வந்துவிடுகிறதே’ என்ற பதில் பாதிக்கு மேல் உதவாது. விற்றவர் தன் ஏட்டில் எழுதினால்தான் அது ஒரு இடத்தில் முழுதாகத் தெரியும்.

சேத ஆபத்துப் பக்கத்துக்கு வந்தால், கொலன்னாவையைத் தவிர வேறு உதாரணம் எனக்குத் தேவையில்லை. துறைமுகத்திலிருந்து குழாய் வழியாக வரும் எண்ணெய் அங்கேதான் தாங்கிகளில் சேருகிறது. தலைநகரின் வண்டிகள் பெரும்பாலும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. களனி கங்கை கரை தாண்டினால் முதலில் தண்ணீர் ஏறும் இடங்களும் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம்தான். 2016 மேயில் ஏறியது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு திரும்ப ஏறியது. அந்தப் புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்; மலையகத்தில் லயன்களோடு மண் சரிந்தது. நேரடிச் சேதம் மட்டும் சுமார் 410 கோடி டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. ஒரு புயலை ஒரு கம்பனியின் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் கடல் சூடானால் மழை கனக்கும் என்பது இன்று விவாதத்துக்குரியதல்ல. அந்தத் தாங்கிகளும் குழாய்களும் எந்த அளவு வெள்ளத்துக்குத் தாக்குப்பிடிக்கும், காப்புறுதி எவ்வளவு, மாற்று வழி என்ன என்று சுற்றியிருக்கும் குடும்பங்களும் முதலீட்டாளரும் வாசிக்கக்கூடிய ஒரு பக்கம் எங்கே?

உங்கள் மேசைக்கு வரப்போகும் மறுப்புகள் எனக்கும் தெரியும். ‘விற்றது நாங்கள், எரித்தது வாடிக்கையாளர், இரண்டு பேரும் எழுதினால் இரட்டைக் கணக்கு’ என்பார்கள். எல்லாக் கம்பனிகளின் தொகையையும் கூட்டினால் இரட்டிக்கும்தான். ஆனால் யாரும் இங்கே கூட்டி வரி போடவில்லை. ஒரு கம்பனியின் வருமானத்தில் எவ்வளவு, பிறர் எரிப்பதை நம்பியிருக்கிறது என்று காட்டும் எண் அது; அதை அந்தக் கம்பனியின் அறிக்கையில்தான் தேட முடியும். ‘நாம் சின்ன நாடு, ஆளுக்கு ஏறத்தாழ ஒரு தொன்தான் வெளியேற்றுகிறோம்’ என்பார்கள். உண்மை. அதனால்தான் வாங்குகிறவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் விற்கிறவரின் ஏட்டைக் கேட்கிறேன். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியபோது படகை மணலில் இழுத்துவிட்ட மீனவருக்கு நான் காபன் பாடம் எடுக்க மாட்டேன். வெளிப்படுத்தச் சொல்வதால் ஒரு லீற்றரின் விலை ஒரு சதமும் ஏறாது.

‘அமெரிக்காவே பின்வாங்கிவிட்டதே’ என்பதுதான் இப்போது புதிதாகக் கேட்கும் வாதம். ஆமாம். அங்கே பிணையங்கள் ஆணைக்குழு 2024 மார்ச்சில் கொண்டுவந்த விதியில் ஸ்கோப் 3ஐக் கழற்றிவிட்டது; ஒரு வருடத்தில் மிச்ச விதியையும் நீதிமன்றத்தில் காப்பாற்றாமல் கைகழுவியது. ஸ்கோப் 3 கேட்கும் கலிபோர்னியாச் சட்டத்தின் மேல் எக்ஸான் 2025 ஒக்ரோபரில் வழக்குப் போட்டது. இவ்வளவு பணமும் வழக்கறிஞர்களும் ஓர் எண்ணை மறைக்கச் செலவாகிறது என்றால், அந்த எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது என்றுதான் கணக்குக்காரனுக்குத் தோன்றும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்கோப் 3ஐத் தொடக்கத்தில் காட்டாமல் விட எஸ்2 நியமம் தரும் சலுகை எரிபொருள் விற்பவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு அது தேவையில்லை என்பதை மேலே காட்டிவிட்டேன். கூட்டுத்தாபனம், லிற்றோ, நிலக்கரி எரிக்கும் மின்துறை ஆகியவற்றைப் பின்கட்டங்களுக்குத் தள்ளாமல் முன்னால் கொண்டுவாருங்கள். அனுமதிப்பத்திரக் கம்பனிகளின் நிபந்தனையை அமைச்சோடு பேசுங்கள். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், கப்பல் எரிபொருள், எரிவாயு, நிலக்கரி: எவ்வளவு விற்றது, என்ன காரணியால் பெருக்கியது, விடை எத்தனை தொன், உள்நாட்டில் எவ்வளவு, வெளியே எவ்வளவு. ஒரு பக்கம் போதும். கணக்காய்வாளரின் கையொப்பத்தோடு, சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரட்டும்.

அரச நிறுவனங்களிடம் இந்த எண்ணை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நானே கேட்கலாம், கேட்கவும் போகிறேன். விற்ற அளவைத் தருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். பெருக்கலை என் மாணவர்கள் போட்டுவிடுவார்கள். தனியார் கம்பனிகளிடம் அந்தப் படிவம் பொதுவாகச் செல்லாது. அங்கே உங்கள் பேனா ஓடினால்தான் உண்டு.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கணக்கீட்டு ஆசிரியர்